திறந்தே இருக்கட்டும்

விபத்து அறிக்கைகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் மனம் மரத்துப்போகும். எஞ்சின் நின்றது, எரிபொருள் தீர்ந்தது, மேகத்துக்குள் புகுந்தார், மேகத்துக்குள் மலை இருந்தது. காரணத்தின் கனமும் சாவின் கனமும் ஏறக்குறையப் பொருந்திவரும்வரை மனம் ஒத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறது. என்னால் அப்படிப் புரட்டிவிட முடியாத அறிக்கை ஒரு வகைதான். நாலைந்து பேர் உட்காரும் சிறு விமானம். பகல் வேளை, தெளிந்த வானம். ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நொடிகளில் கதவு திறந்துகொள்கிறது. விமானம் கிளம்பிய இடத்துக்கே திரும்பப் பார்க்கிறது. தாழ்வாக, மிகவும் சாய்ந்து திரும்புகிறது. ஓர் இறக்கை சட்டென்று தொய்ந்து கவிழ்கிறது. கீழே நின்று பார்த்தவர்கள் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சிதைவுகளைக் கிளறிப் பார்த்தவர்கள் எழுதுகிறார்கள்: எஞ்சினில் கோளாறு காணப்படவில்லை, கட்டுப்பாட்டு வடங்கள் ஒழுங்காக இருந்தன, திறந்த கதவோடு இந்த மாடல் இயல்பாகப் பறக்கக்கூடியது. பீச்கிராஃப்ட் பொனான்ஸா என்ற விமானத்தின் வரலாற்றில் இந்த வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. விமானத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை, ஆட்கள் மட்டும் இறந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் நேர் ஆவதில்லை.

விமானத்தின் கதவு என்றதும் நம் கற்பனை பெரிய விமானத்துக்குத் தாவிவிடுகிறது. 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லாந்திலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737-9 விமானத்தில், சுமார் 15,000 அடி உயரத்தில், கதவுக்கான இடத்தை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்டுகள் அங்கே இல்லவே இல்லை. அது அடைத்துவைத்த அழுத்தத்தின் கதை. செஸ்னா 172, பைப்பர் செரோக்கி, பொனான்ஸா போன்ற சிறு விமானங்களுக்குள் அடைத்துவைத்தது எதுவும் கிடையாது. வெளியே இருக்கும் காற்றேதான் உள்ளேயும். யாரையும் அது உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகாது. இங்கே கதவை இழுப்பது வேறொன்று. வளைந்த உடற்பகுதியின் மேல் காற்று விரைந்து ஓடும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது, உள்ளிருக்கும் காற்று கதவை வெளியே தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். ஆகவேதான் தரையில் உருளும்போதெல்லாம் மூடியதுபோலவே இருந்த கதவு, மூக்கு உயர்கிற நேரம் பார்த்துக் கைவிடுகிறது. ஆனால் கீல் முன்பக்கம் இருக்கிறது. கதவு கொஞ்சம் திறந்ததும் எதிர்க்காற்று அதைத் திருப்பிச் சாத்தப் பார்க்கும். வெளியே இழுப்பதும் உள்ளே தள்ளுவதும் சமன்படுகிற இடத்தில் கதவு நின்றுவிடுகிறது. பொனான்ஸாவில் அந்த இடம் 3 அல்லது 4 அங்குலம். உள்ளங்கை நுழையலாம், ஆள் விழ முடியாது. விமானம் கொஞ்சம் வேகம் குறைந்து, கொஞ்சம் அதிர்ந்து, பறந்துகொண்டே இருக்கும். இயற்பியல் இதற்குமேல் இதில் அக்கறை காட்டுவதில்லை.

ஆனால் சத்தம். கதவு திறந்த அனுபவத்தைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். எதுவோ வெடித்ததுபோல ஒரு அதிர்ச்சி, பிறகு ஓயாத இரைச்சல். மடியிலிருந்த வரைபடம் படபடத்துப் பின்னிருக்கைக்குப் பறக்கிறது, தரைவிரிப்பில் பல மாதமாகப் படிந்த தூசி கண்ணில் விழுகிறது, கணுக்காலில் குளிர் ஏறுகிறது. பக்கத்தில் இருப்பவரின் வாய் அசைவது தெரிகிறது, சொல் வந்து சேர்வதில்லை. விமானி கண்ணால் மட்டும் ஓட்டுகிறவர் அல்லர். எஞ்சினின் சுருதி, காற்றின் சீறல் ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு மானிகளுக்கு முன்பே செய்தி சொல்லிவிடும். இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையை அவர்கள் ஸ்டால் என்கிறார்கள். செஸ்னா 172இல் அதற்கான எச்சரிக்கைக்கு மின்சாரம்கூடக் கிடையாது. இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துளை, அதன் வழியே காற்று உறிஞ்சப்படும்போது ரீட் என்ற மெல்லிய நாக்கு அதிர்ந்து முனகும். திறந்த கதவின் இரைச்சலில் அந்த முனகலைக் காது எப்படிப் பிரித்தெடுக்கும்? இன்னொன்றும் உண்டு. கதவு நன்றாகவே மூடியிருக்கும், இருக்கைப் பட்டையின் நுனி மட்டும் வெளியே மாட்டிக்கொண்டிருக்கும். காற்று அதன் பக்கிளை உடற்பகுதியில் மடமடவென்று அறையும்போது உள்ளே இருப்பவருக்கு எஞ்சின் துண்டு துண்டாகச் சிதறுவதுபோல் கேட்கும். அதற்கு அஞ்சி அரக்கப்பரக்கத் தரையிறங்கியவர்கள் இருக்கிறார்கள். இறங்கிப் பார்த்தால் பெயின்ட் உரிந்த ஒரு கோடு. அபாயத்தின் அளவுக்கும் ஓசையின் அளவுக்கும் சம்பந்தமில்லை என்பதை மூளை ஒப்புக்கொள்ளலாம். காது ஒப்புக்கொள்வதில்லை.

சத்தம் கேட்டதும் கை அங்கே போகிறது. நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். செரோக்கிக்கு ஒரே கதவு, அதுவும் வலப்பக்கம். விமானியின் இருக்கை இடப்பக்கம். அவர்தான் முதலில் இறக்கை மேல் ஏறி, உள்ளே குனிந்து, வலது இருக்கையைத் தாண்டி நகர்ந்து உட்கார வேண்டும். கடைசியாக ஏறுகிற பயணிதான் கதவை இழுத்துச் சாத்துகிறார். பொறுப்பு ஒருவருடையது, கதவோ இன்னொருவரின் தோளுக்குப் பக்கத்தில். தாழ்கள் இரண்டு. ஒன்று பக்கவாட்டில், மற்றது தலைக்கு மேலே கூரை ஓரமாக. முதல் தாழ் விழுந்த சத்தத்திலேயே வேலை முடிந்த திருப்தி இருவருக்கும் வந்துவிடுகிறது, மேல்தாழ் மறந்துபோகிறது. ஆகாயத்தில் அது ஞாபகப்படுத்தும்போது விமானி தன் வலது கையைப் பயணிக்குக் குறுக்கே நீட்ட வேண்டும். உடல் வலப்பக்கம் சாய்கிறது. இடது கை யோக் என்ற ஓட்டுப்பிடியைப் பிடித்தபடி இருக்கிறது. உடம்பு போகும் பக்கம் அதுவும் கொஞ்சம் இழுபடும், மூக்கு தானாக உயரும் அல்லது ஓர் இறக்கை தாழும். கண் கதவில் இருப்பதால் தொடுவானம் சாய்ந்தது தெரியாது. எட்டாவிட்டால் பட்டையைத் தளர்த்துவார். இதற்குள் வேகம் விழுந்திருக்கும். அல்லது கதவை விட்டுவிட்டு, எப்படியாவது தரைக்குப் போய்விட வேண்டும் என்று இறுக்கித் திரும்புவார். உயரம் இழக்காமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் ஆகிற வேகம் ஏறக்குறைய 19 விழுக்காடு கூடுகிறது, 60 டிகிரியில் 41 விழுக்காடு. நேராகப் பறக்கும்போது தாராளமாகப் போதுமாக இருந்த வேகம் திருப்பத்தில் போதாமல் போகிறது. சில நூறடி உயரத்தில் கவிழ்ந்த இறக்கையை நிமிர்த்த இடமில்லை. கதவு இதில் எதையும் செய்யவில்லை. அது தன் 3 அங்குலத்தில் நின்றுகொண்டிருந்தது.

அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிடும் விமானமோட்டும் கையேட்டில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதன் சாரம் ஏறத்தாழ ஒரு தாயின் அதட்டல் தொனியில் இருக்கும்: பதறாதே, பட்டையை அவிழ்க்காதே, கதவை அதன் பாட்டுக்கு விடு, விமானத்தை ஓட்டு, சீக்கிரம் இறங்க வேண்டுமென்று குறுக்கே திரும்பாதே, தரையிறங்கும் முன் செய்ய வேண்டியவற்றில் ஒன்றையும் விடாதே. கடைசியில் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. கதவின் இரைச்சலோடு பத்திரமாகச் சுற்றி வந்துவிட்டு, சக்கரங்களை இறக்க மறந்து வயிற்றால் இறங்கும் ஆபத்து இதில் ஒளிந்திருக்கிறது. தயாரிப்பாளர்களின் கையேடுகளோ விமானத்துக்கு விமானம் வேறு பேசுகின்றன. செஸ்னா 172இன் கையேட்டுக்கு இது இறங்க வேண்டிய விஷயமே அல்ல. சுமார் 75 நாட் வேகத்தில் விமானத்தை நிலைப்படுத்து, கதவை முதலில் கொஞ்சம் வெளியே தள்ளு, பிறகு ஓங்கி இழுத்துப் பூட்டு என்கிறது. செரோக்கி வகையில் பிற்பாடு வந்த மாடல்களின் கையேடு, வேகத்தை 87 நாட்டுக்குக் குறைத்து, காற்று வரும் துவாரங்களை மூடி, விமானியின் பக்கத்தில் உள்ள சிறு ஜன்னலைத் திறக்கச் சொல்கிறது. உள்ளே சேர்ந்த காற்று அந்த வழியே போய்விட்டால் கதவைத் தள்ளுவதற்கு ஆள் இல்லை. ஒரு கதவை மூட இன்னொரு ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பது மேலே, அந்த இரைச்சலில், யாருக்கும் தானாகத் தோன்றக்கூடியதல்ல. பொனான்ஸாவின் கையேடு இந்த வித்தைகளுக்குள் போவதில்லை. இயல்பாகத் திரும்பி வந்து இறங்கு, முடிந்தால் தரை தொடும் நேரத்தில் கதவு விரிந்துவிடாமல் பயணியைப் பிடித்துக்கொள்ளச் சொல் என்பதோடு முடித்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் படித்த ஒருவருக்குப் பொன்மொழி ஒன்று எழுதக் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. வாழ்க்கையில் திறந்துகொள்ளும் கதவுகளையெல்லாம் மூட ஓடாதே, இரைச்சலோடு இருக்கப் பழகு, இத்யாதி. நாட்காட்டித் தாளில் அச்சிடத் தகுந்த இந்த ஞானத்தை நான் நம்பாமல் போனதற்கும் விமானங்களே காரணம். எல்லாக் கதவும் 3 அங்குலத்தில் நிற்பதில்லை. டைமண்ட் டிஏ20 என்ற பயிற்சி விமானத்தில் கதவுக்குப் பதில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதன் கீல் பின்பக்கம். முன்னால் தாழ் விட்டுப்போனால் எதிர்க்காற்று அதைத் திருப்பிச் சாத்தாது, அடியில் புகுந்து நெம்பும். அதே நிறுவனத்தின் டிஏ40இல் பின்னிருக்கைக் கதவு மேல்நோக்கித் திறப்பது. பறக்கும்போது அது பிய்ந்து போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பிய்ந்த கதவு வால் பகுதியைத் தாக்கினால் அதற்குப் பிறகு நிதானம் எதற்கும் உதவாது. இரட்டை எஞ்சின் விமானங்கள் சிலவற்றில் மூக்கில் ஒரு சாமான் அறை இருக்கும். அதன் கதவு திறந்தால் உள்ளே வைத்த பை புரொப்பெல்லரை நோக்கிப் போகலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பெண் விமானி, எக்ஸ்ட்ரா 330எல்எக்ஸ் என்ற சாகச விமானத்தில் பயிற்சியின்போது தலைக்கு மேலிருந்த கூண்டு திறந்து நொறுங்கிய காட்சியை 2024இல் தானே வெளியிட்டார். தாழ் சரியாக விழவில்லை, கிளம்பும் முன் கண்ணால் பார்த்து உறுதிசெய்யவும் இல்லை. கண்ணுக்குக் காப்பு எதுவும் போட்டிருக்கவில்லை. முகத்தில் அறையும் காற்றில் மூச்சு விட முடியாமல், பார்வை கலங்க, எஞ்சின் விசையைக் குறைக்காமல் பிடித்திருப்பதுதான் ஆகக் கடினமாக இருந்ததாக எழுதியிருந்தார். வானொலி வழியே பயிற்றுநர் ஓட்டிக்கொண்டே இரு என்று சொல்லிக்கொண்டிருந்ததையும் சொன்னார். அவர் இறங்கினார். பார்வை முழுதாகத் திரும்ப ஒரு நாளுக்கும் மேல் ஆனது.

ஆக, விட்டுவிடு என்பது ஞானமல்ல, ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் ஒரு குறிப்பிட்ட கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற தகவல். செஸ்னாக்காரர் கதவைத் தள்ளி இழுப்பதும் பொனான்ஸாக்காரர் தொடாமல் இருப்பதும் சுபாவ வித்தியாசத்தால் அல்ல. நாம் நிதானத்தை ஒருவரின் குணமாகப் பேசிப் பழகிவிட்டோம். அவர் பதறாத ஆள் என்கிறோம், பிறவியிலேயே நெஞ்சுரம் கொண்டவர்போல. இந்த அறிக்கைகளைப் படிக்கப் படிக்க அந்தப் பேச்சு எனக்குச் சந்தேகமாகிக்கொண்டே வருகிறது. பதறாமல் இருந்தவருக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எங்கோ ஒரு மதியம், தரையில் உட்கார்ந்து, சுவாரசியமே இல்லாத கையேட்டின் ஒரு பத்தியை வாசித்திருந்தார். அல்லது அவருடைய பயிற்றுநர் ஒரு நாள், போதிய உயரத்தில், வேண்டுமென்றே கதவின் தாழை எடுத்துவிட்டு, இப்போது ஓட்டு என்று சொல்லியிருந்தார். சில பயிற்றுநர்கள் இதைச் செய்கிறார்கள். அந்த மாணவருக்குப் பின்னாளில் கதவு திறக்கும்போது சத்தம் கேட்கும், செய்தி கேட்காது. துணிச்சல் என்று நாம் பெயரிடுவதில் எவ்வளவு பங்கு வெறும் முன்னறிவு என்று பிரித்துப் பார்த்தால், மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்போல் தோன்றுகிறது.

இவ்வளவு உறுதியாக எழுதிய பிறகு ஓர் உறுத்தல் வருகிறது. இறந்தவர்களின் மனதைப் பற்றி நான் எப்படிப் பேசுகிறேன்? சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றில் கறுப்புப் பெட்டி கிடையாது. கதவு முன்பே திறந்திருந்ததா, மோதலில் திறந்ததா என்பதையே தாழின் முனையும் அது நுழையும் துளையும் நசுங்கிய விதத்தை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். உலோகம் அவ்வளவு சொல்லும். கவனம் சிதறியது என்று அறிக்கையில் எழுதப்படும் காரணத்தை எந்த உலோகமும் சொல்லவில்லை. வேறு எதுவும் பழுதாகவில்லை என்பதால் மிஞ்சிய இடத்தில் மனிதனின் கவனம் வைக்கப்படுகிறது. நியாயமான ஊகம்தான், என்றாலும் ஊகம். இதற்கு மறுபக்கமாக இன்னோர் ஆவணக் குவியல் இருக்கிறது. 1976 முதல் நாசா நடத்திவரும் விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு விமானிகள் தாங்களாகவே எழுதுகிறார்கள். பெயரை நீக்கிவிட்டு அவற்றைச் சேர்த்துவைக்கிறார்கள். கதவு திறந்தும் உயிரோடு வந்தவர்கள் பேசுவது அங்கே. அவர்கள் பேசுவதும் கொஞ்சம்தான். கதவு திறந்தது, ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினேன், மூடினேன், மறுபடி கிளம்பினேன் என்றால் அதில் அறிக்கை எழுத என்ன இருக்கிறது? எழுதாதவர்களே மிகுதியாக இருப்பார்கள். நான் படித்துக் கலங்குவது, தாங்க முடியாமல் போனவர்களின் பதிவை மட்டும். தாங்கியவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆனாலும் ஊகிக்காமல் இருக்க முடியவில்லை. கை ஏன் போகிறது? பயத்தால் என்பது எல்லோரும் சொல்கிற பதில். எனக்கென்னவோ அதில் வெட்கத்தின் பங்கும் கணிசமாக இருக்கும் என்று படுகிறது. எஞ்சின் நின்றால் அது எஞ்சினின் குற்றம். திறந்த கதவு விமானியின் மறதிக்கு எல்லோரும் பார்க்கும்படியான சாட்சி. பக்கத்தில் இருப்பது மைத்துனராகவோ, முதன்முறையாகச் சிறு விமானத்தில் ஏறியிருக்கும் நண்பராகவோ இருக்கலாம். இவரை நம்பி உட்கார்ந்திருக்கிறோமே என்று அந்த முகத்தில் ஓடும் எண்ணத்தை விமானி பார்க்கிறார். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னால், கதவைச் சாத்தாமல் கிளம்பிய ஆள் என்று அங்கே ஒரு முறை, அந்த அலைவரிசையில் இருக்கும் மற்ற விமானங்களுக்குள் ஒரு முறை தெரிந்துவிடும். சட்டென்று கையை நீட்டி மூடிவிட்டால் நடக்கவே நடக்காததுபோல் ஆகிவிடும். மூடும் அவசரத்துக்குள் அழிக்கும் அவசரம் ஒளிந்திருக்கிறதோ என்னவோ. நாசாவின் திட்டம் பெயரை நீக்குவதை முதல் விதியாக வைத்திருப்பது இந்த மனித சுபாவத்தை அறிந்துதான். வெட்கம் ஒருவரைக் கொல்லும் என்று எந்த விசாரணை அறிக்கையும் எழுதாது, எழுதவும் கூடாது, ஆதாரமில்லை. எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் எழுதிவைக்கிறேன்.

பயம் திறப்பிலிருந்து வருவதில்லை என்பதற்கு மஞ்சள் நிற பைப்பர் கப் ஒன்றே போதும். 1930களின் பிற்பாதியில் வந்த இரண்டு இருக்கை விமானம். வலப்பக்கம் முழுதும் இரண்டாக மடிந்து திறக்கும், மேல்பாதியை இறக்கையின் அடியில் மாட்டிவிட்டு, கீழ்ப்பாதியைத் தொங்கவிட்டு, முழங்கைக்கு வயல்வெளி தெரிய மாலை நேரத்தில் தாழ்வாகப் பறப்பதுதான் அதை வைத்திருப்பவர்களுக்குச் சுகம். ரயிலில் வாசற்படியில் உட்கார்ந்து கால்களைத் தொங்கப்போட்டு ஊர் போய்ச் சேர்ந்தவர்களுக்கு இந்தச் சுகத்தை விளக்க வேண்டியதில்லை. பாராசூட்டில் குதிப்பவர்களை ஏற்றிப்போகும் செஸ்னாக்களில் கதவு திறந்தபடிதான் பாதி வேலை நடக்கிறது. இன்னும் பின்னால் போனால் கதவே இல்லை. 1931இல் வந்து, பிறகு இங்கேயும் எத்தனையோ பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த டைகர் மாத் விமானத்தில் தலை வெளியேதான் இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்து, அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் மதராஸுக்கு எடுத்துவந்த புஸ் மாத் விமானம் மூடிய அறை கொண்டது. அந்தக் காலத்துக்கு அது ஒரு சொகுசு. காற்றுக்குள் ஓர் அறையைக் கட்டி, உள்ளே இருப்பது நாம், வெளியே இருப்பது ஆகாயம் என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் திறந்த கதவு என்ற அபாயம் பிறந்தது. கப் விமானி கேட்பதும் அதே காற்றைத்தான். அவர் கதவைத் தானே திறந்தார். கேளாமல் திறந்தது என்ற ஒரே வித்தியாசம் ஒருவரை ஆனந்தத்திலும் ஒருவரைத் தரையிலும் கொண்டு சேர்க்கிறது.

கதவை மூடச் சொன்ன கையேட்டிலேயே அதைத் திறக்கச் சொல்லும் பக்கமும் இருக்கிறது. எஞ்சின் நின்று வயலில் இறங்க வேண்டி வந்தால், தரை தொடும் முன் கதவுகளின் தாழை எடுத்துவிடு என்கிறது செஸ்னா 172இன் அவசரப் பட்டியல். மோதலில் சட்டம் வளைந்துவிட்டால் மூடிய கதவு மூடியபடியே இறுகிவிடும். ஒரே கதவுள்ள விமானத்தில் அப்படி இறுகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் மூடாமல் விட்டது பிழை, சில பக்கங்கள் தள்ளி மூடி வைத்தது பிழை. கதவுக்கு என்று நிரந்தரமான அர்த்தம் எதுவும் அந்தக் கையேட்டில் கிடையாது. எனக்கு இன்னும் பிடித்தது இந்தக் கையேடுகளின் தொனி. செரோக்கியின் கையேடு திறந்த கதவைப் பற்றிப் பேசும்போது, மேல்தாழை மறந்துவிட்டால் என்றே எழுதுகிறது. மறக்காதே என்பதைக் கிளம்பும் முன் சரிபார்க்கும் பட்டியலில் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அதைப் படித்து, விரலால் தொட்டு, வாயால் சொல்லிவிட்டும் ஒருவர் மறப்பார் என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் செய்கிற சரிபார்ப்பில் கை தாழைத் தொடும், கண் பார்க்காது, வாய் மட்டும் சரி என்று சொல்லிவிடும். சட்டப் புத்தகத்திலோ அறநூலிலோ இப்படி ஒரு பக்கம் இருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்: சொன்னதை நீ செய்யாமல் விட்டிருப்பாய், சரி, இப்போது வேகம் எவ்வளவு?

ஆகவே செய்யக்கூடியது, எஞ்சினைக் கிளப்பும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வாக்கியம் சொல்வது என்கிறார்கள் அனுபவசாலிகள். கதவு திறந்துகொண்டால் பயங்கரமாகச் சத்தம் வரும், ஒன்றும் ஆகாது, நீங்கள் எதையும் தொட வேண்டாம், நானும் தொட மாட்டேன், ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குவோம். பத்து நொடிகூட ஆகாது. பயணிக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொள்வது அது. பின்னால் எடுக்க முடியாத முடிவை முன்னாலேயே எடுத்துவைப்பது. சாட்சிக்கு ஓர் ஆள் இருப்பதால், மறதி வெளிப்பட்டாலும் வெட்கப்பட அவ்வளவு இடமில்லாமல் போகிறது. எனக்குத் தெரிந்த பரிகாரங்களில் இதுவே மலிவானதும் நேர்மையானதும். ஆனால் என் உறுத்தல் இதோடு தீர்ந்தது என்று சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தைத் தரையின் அமைதியில் சொல்கிறவர், எல்லாம் புரிந்த, அவசரமில்லாத, கொஞ்சம் பெருமிதமும் உள்ள மனிதர். அதன்படி நடக்க வேண்டியவரோ சில நூறடி உயரத்தில், கண்ணில் தூசியோடு, பக்கத்தில் ஒருவர் அலறிக்கொண்டிருக்க உட்கார்ந்திருப்பவர். இருவருக்கும் ஒரே பெயர், ஒரே உரிமம். முன்னவர் எழுதிக்கொடுத்த வாக்கைப் பின்னவர் காப்பாற்றுவார் என்று எடுத்துக்கொண்டுதான் கையேடுகளும் பயிற்சிகளும் நம்முடைய எல்லாத் தீர்மானங்களும் நடக்கின்றன. பெரும்பாலும் காப்பாற்றிவிடுகிறார். காப்பாற்றாத சிலரைக் குறித்த அறிக்கைகளில், விமானத்தில் பழுது எதுவும் காணப்படவில்லை என்று எழுதுகிறார்கள். விமானத்தைப் பொறுத்தவரை அது சரிதான்.